மலைமேல் ஒரு பழைய பங்களாவில் தங்க: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அறை தேடிப் பாருங்கள், 'ஹெரிடேஜ்' என்ற சொல் எத்தனையோ விடுதிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பும் (ஃபயர்பிளேஸ்) மரத்தரையும் அப்படியே இருக்கும் வீடும் உண்டு. சமீபத்தில் கட்டி, மேலே ஓடு வேய்ந்து, வாசலில் பழைய கிராமபோனை வைத்துவிட்ட காங்கிரீட் கட்டடமும் உண்டு. இரண்டுக்கும் வாடகை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் வேடிக்கை.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீடு எந்த வருடம் கட்டியது என்பதைவிட, இன்று அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் தங்கப் போகிறவருக்கு முக்கியம். 150 வயதுப் பங்களாவாகவே இருக்கட்டும், புகைபோக்கியைத் துடைக்க ஆள் இல்லை, சமையலறையில் ஆள் இல்லை என்றால் அங்கே இரவு முழுக்க நடுங்கிக்கொண்டுதான் கிடக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் கடைசியில் இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: எந்த மாதிரி வீடு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இந்த மலைகளில் பழைய வீடுகள் ஒரே மாதிரி வந்தவை அல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். அவர் தங்கிய பங்களாவைக் கண்ணேரிமுக்கில் இப்போதும் பார்க்கலாம். பிறகு ஊட்டியில் அவர் கட்டிய 'ஸ்டோன் ஹவுஸ்' இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அவருக்குப் பின்னால் படை அதிகாரிகள், தோட்டக்காரர்கள், மகாராஜாக்கள் என்று வரிசையாக வந்தார்கள். ஒரு கட்டத்தில் மதராஸ் அரசாங்கமே கோடை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். அதனால் ஊட்டியில் பகட்டான வீடுகள் அதிகம். 1829ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய சவாய் இன்றும் ஓட்டலாக நடக்கிறது. பெர்ன்ஹில் மாளிகை மைசூர் மகாராஜாவின் கோடை இருப்பிடம்.

கொடைக்கானல் கதை வேறு. 1845ல் அங்கே முதலில் வீடு கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து குழந்தைகளோடு ஏறி வந்தவர்கள். அதனால் கொடையின் பழைய வீடுகளில் ஆடம்பரம் குறைவு. கருங்கல் சுவர், சின்ன ஜன்னல், அறைக்கு ஒரு கணப்பு, முன்னால் கண்ணாடி அடைத்த வராந்தா, அவ்வளவுதான். எனக்கு இந்த எளிமைதான் பிடிக்கும். மாளிகை வேண்டும் என்பவர் நீலகிரிக்குப் போகட்டும்.

இன்று தங்கக் கிடைப்பவற்றை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, பெரிய நிறுவனங்கள் நடத்தும் பழைய ஓட்டல்கள். ஊட்டி சவாய், குன்னூரில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் இருக்கும் சர்ச் சாலையிலுள்ள கேட்வே போன்றவை. வாடகை கூடுதல், சுடுதண்ணீரும் சாப்பாடும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்கள். தொழிலாளர்கள் 'துரை பங்களா' என்று சொல்லும் மேனேஜர் வீடுகள் சிலவற்றை இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். குன்னூர், கோத்தகிரி, எமரால்டு பக்கம் இவை உண்டு. நாலைந்து அறைதான் இருக்கும். இரண்டு குடும்பம் சேர்ந்து முழு வீட்டையும் எடுத்தால் கட்டுப்படியாகும். மூன்றாவது, தொண்டு அமைப்புகளின் விடுதிகள். ஊட்டியில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனந்தகிரி, குன்னூரில் அதே அமைப்பின் வயோமிங். பழைய கட்டடம், பெரிய தோட்டம், நடுத்தரக் குடும்பம் தாங்கும் வாடகை. சௌகரியங்கள் சுமார்தான், ஆனால் கொடுத்த காசுக்கு இதைவிட அசலான இடம் கிடைப்பது சிரமம்.

நான்காவதாக அரசு பயணியர் மாளிகைகளும் வனத்துறை ஓய்வு விடுதிகளும். காட்டுக்குள் இருக்கும் வன விடுதிகளின் அழகே தனி. ஆனால் மாவட்ட வன அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதிகாரிகள் வந்தால் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மட்டும் முயற்சி செய்யலாம்.

படி 2: பழசா, பழசு போலக் கட்டியதா?

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒரு விடுதியை ஹெரிடேஜ் ஓட்டல் என்று வகைப்படுத்த வேண்டுமானால் கட்டடம் 1950க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத அசல் பழைய வீடுகளும் நிறைய இருப்பதால், படங்களைப் பார்த்தே கணிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

கூரையைப் பாருங்கள். மங்களூர் ஓடோ தகரமோ இருந்து, அதிலிருந்து நாலைந்து புகைபோக்கிகள் எழும்பி நின்றால் நல்ல அறிகுறி. ஒவ்வொரு அறைக்கும் கணப்பு இருந்த காலத்து வீடு என்று அர்த்தம். புதுக் கட்டடத்தில் ஹாலில் மட்டும் ஒரு அலங்காரக் கணப்பு இருக்கும், மேலே புகைபோக்கியே இருக்காது. அடுத்து ஜன்னல் ஓரம். பழைய சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம் இருக்கும் என்பதால் ஜன்னல் திட்டில் ஆள் உட்காரலாம். சமையலறை வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு நடைபாதையால் இணைந்திருந்தால் அதுவும் பழைய பழக்கம்தான். நெருப்புக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள்.

பராமரிப்பைக் கண்டுபிடிக்க சுவரின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெதுவாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் போனதும் கொப்புளம் கொப்புளமாக உரியும். விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களில் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் அப்படி உரிந்த சுவர் தெரிந்தால், அந்த அறையில் போர்வையும் ஈர வாடை அடிக்கும். விடுதிக்காரர்கள் போடும் படத்தில் இது தெரியாது, விருந்தினர் படத்தில்தான் மாட்டும்.

வீடு இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் பிடிப்பது தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களை. சரிவில், கிழக்கைப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் நேராக வராந்தாவில் விழும். வெள்ளைக்காரர்கள் இடம் பார்த்துக் கட்டியதில் பாதி இந்த வெயில் கணக்குதான்.

படி 3: எப்போது போவது

ஏப்ரல், மே வேண்டாம். மலர்க் கண்காட்சியும் கூட்டமும் வாடகையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும் மாதங்கள் அவை. பழைய வீட்டில் தங்குவதே அதன் அமைதிக்காக என்றால், செப்டம்பரும் ஜனவரிக்குப் பிறகான வாரங்களும் நல்லவை.

மழையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊட்டியின் மேற்குப் பகுதி, கூடலூர் எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மண்சரிவும் ரயில் ரத்தும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே ஜூலையில் மலை ஏறத் தோன்றினால் ஊட்டியை விட்டுக் கோத்தகிரிக்குப் போங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கும். கணப்பு எரியாத அறையை அந்த மாதங்களில் எடுக்கவே கூடாது.

படி 4: போன் போட்டுக் கேட்க வேண்டியவை

ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை நேரடியாகப் பேசிவிடுங்கள். முடிந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமே பேசுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் முன்பதிவு ஆளுக்கு எந்த அறையில் புகை அடைக்கிறது என்று தெரியாது.

முதல் கேள்வி: "அண்ணா, நீங்க தர்ற ரூம் பழைய பங்களாவுலயா, புதுசா கட்டினதுலயா?" இதைக் கேட்காமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். பல இடங்களில் பழைய வீட்டில் நான்கு அறை, பின்னால் புதிய கட்டடத்தில் இருபது அறை. படம் மட்டும் முன்வீட்டுடையது. பழைய கட்டடம் என்று சொன்னால் அறையின் பெயரையோ எண்ணையோ வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து கணப்பு. "ஃபயர்பிளேஸ் இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள், இருக்கத்தான் செய்யும். "எரியுமா? கடைசியா எப்போ எரிச்சீங்க? விறகுக்குத் தனிக் காசா?" என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால் புகைபோக்கி அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனி வாடகையா என்று பேசி முடித்துவிடுங்கள்.

சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதும் முக்கியம். பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் விறகு பாய்லர்தான். காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும் வரும். ஆனால் அந்தத் தண்ணீரின் சூடு எந்த கீசரிலும் கிடைக்காது. வயதானவர்கள் உடன் வந்தால் குளியலறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று கேளுங்கள். வராந்தாவாக இருந்த இடத்தைப் பிற்காலத்தில் தடுத்துக் கட்டிய குளியலறைகள் அறையைவிட ஓர் அடி தாழ்ந்திருக்கும், இரவில் தடுக்கும்.

மற்றவை வழக்கமானவைதான்: இரவுச் சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், டிரைவர் தங்க இடம் உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். சொல்லும் வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

பேசும்போதே ஆளைக் கணிக்கலாம். "மேல் ரூம்ல காத்து அடிக்கும் சார், குழந்தை இருந்தா கீழ் ரூம் எடுங்க" என்று குறையை அவராகவே சொன்னால் அந்த வீட்டை நம்பிப் போகலாம்.

படி 5: மலை ஏறுவது

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை வந்தது. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணும் தங்கும் இடமும் கொடுத்தால் கிடைத்துவிடும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் போதும்.

பழைய பங்களாவுக்குப் போகிறவர்கள் முடிந்தால் பழைய ரயிலிலேயே போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899லும், ஊட்டி வரை 1908லும் ஓடத் தொடங்கிய மலை ரயில் இது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்துப் பற்களைக் கவ்வி ஏறும். காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் என்பதால், சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் இறங்கி இதில் ஏறிவிடலாம். டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் திறக்கும், திறந்த சூட்டில் தீரும். பெரிய பெட்டிகளுக்கு உள்ளே இடமில்லை.

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. பெயரில் மட்டும் 'கொடைக்கானல் ரோடு' என்று இருக்கும் நிலையத்தில் இறங்கி சுமார் 80 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். மலைப்பாதை போடுவதற்கு முன்பு பெரியகுளம் அடிவாரம் வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் சுமந்து ஏறினார்கள். கொடையின் பழைய வீடுகளில் இருக்கும் பியானோவையும் இரும்புக் கட்டிலையும் பார்க்கும்போது, இவை யார் தோளில் ஏறி வந்தன என்று எனக்கு எப்போதும் தோன்றும். வீட்டின் பெயர்ப்பலகையில் துரையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

எந்த வழியில் வந்தாலும் வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 6: அறைக்குள் போனதும்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். போர்வையை முகர்ந்து பாருங்கள். ஜன்னல்கள் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள், குரங்குக்காக. அறை சரியில்லை என்றால் அப்போதே சொன்னால்தான் மாற்றித் தருவார்கள்.

மாலை ஐந்து மணிக்கே கணப்பை மூட்டச் சொல்லிவிடுங்கள். கனமான கல் சுவர் சூடாக நேரம் எடுக்கும். எட்டு மணிக்கு மூட்டினால் நீங்கள் தூங்கிய பிறகுதான் அறை கதகதப்பாகும். விறகு பெரும்பாலும் சீகை (வாட்டில்) மரமாகவோ, மலையில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸாகவோ இருக்கும். கற்பூர மரம் வாசனையாக எரியும், ஆனால் பொறி தெறிக்கும். கம்பளம் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீங்களாக மூட்டாமல், அங்கே வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். புகைபோக்கியின் தடுப்புத் தகடு திறந்திருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கணப்பு எரியும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள், படுக்கும் முன் தணல் அடங்கிவிட்டதா என்று பாருங்கள். புகைபோக்கி இல்லாத அறைக்குள் கரி அடுப்பையோ, வெளியே கறி சுட்ட பார்பிக்யூ அடுப்பையோ குளிருக்காகக் கொண்டுபோகவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலை விடுதிகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

இரவில் தரை 'டக்' என்று சத்தம் போடும், கூரையில் யாரோ நடப்பது போல இருக்கும். பகல் வெயிலில் விரிந்த மரமும் தகரமும் குளிரில் சுருங்கும் சத்தம் அது. பங்களாவில் பேய் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டால் அவர் ஒன்றுக்கு இரண்டாகக் கதை சொல்வார், கேட்டு ரசிக்கலாம். உண்மையில் பயப்பட வேண்டியது வெளியே. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லா ஊரிலும் காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்து மேயும். தேயிலைத் தோட்டப் பக்கம் கரடியும் சிறுத்தையும் உண்டு. இருட்டியபின் அவுட்ஹவுஸ் வரை போவதானாலும் டார்ச்சோடு, ஆளைக் கேட்டுவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம் என்பதால் டார்ச் எப்படியும் வேண்டும்.

படி 7: சாப்பாடும் ஊரும்

இந்த வீடுகளின் சமையல் தனி ரகம். துரை வீட்டுச் சமையலறைகளில் பட்லர்கள் கற்றுக்கொண்டது இன்னும் சில இடங்களில் மிச்சம் இருக்கிறது: மிளகுத்தண்ணி சூப், கோழி ரோஸ்ட், கேரமல் கஸ்டர்ட், பிரெட் புட்டிங். மெனு அட்டையில் இருக்கும் பனீர் பட்டர் மசாலாவை விட்டுவிட்டு, "உங்களுக்கு எது நல்லா வரும்?" என்று சமையல்காரரிடமே கேளுங்கள். காலையிலேயே கேட்டுவிட வேண்டும், ஒரு ரோஸ்ட்டை அவசரத்தில் செய்ய முடியாது. சமையல்காரர் நீலகிரியின் படகர் சமூகத்தவராக இருந்தால் அவர்கள் வீட்டு அவரைக் குழம்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், ரோஸ்ட்டை மறந்துவிடுவீர்கள். நான்கு மணித் தேநீருக்கு ஊட்டி வர்க்கி.

பார்க்க வேண்டியவற்றில் உங்கள் வீட்டின் காலத்தைச் சேர்ந்ததை மட்டும் பாருங்கள், போதும். ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயம். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய ஊட்டி கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். விதிகளை வகுத்த சேம்பர்லேன் ஒரு படை அதிகாரி. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் அதே பெயருள்ள வேறு ஆள். கொடைக்கானலில் காலை ஏழு மணிக்குள் கோக்கர்ஸ் வாக், பிறகு செண்பகனூர் அருங்காட்சியகம். 1863ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியை ஒரு சுற்று நடந்தால் கரை நெடுகப் பழைய வீடுகளின் கேட்டுகள். பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம், உள்ளே போகாதீர்கள். பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

படி 8: கிளம்பும்போது

பில்லில் விறகு, ஹீட்டர், கூடுதல் படுக்கை எல்லாம் பேசியபடி இருக்கிறதா என்று சரிபாருங்கள். டிப்ஸை ரிசப்ஷனில் கொடுத்தால் பாய்லர் மூட்டியவருக்குப் போய்ச் சேராமல் போகலாம், அவர் கையிலும் சமையல்காரர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். வீடு பிடித்திருந்தால் அடுத்த முறைக்கு அறை எண்ணையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் போன் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் அந்த வீட்டைப் பற்றி மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதுதான்.

ஞாயிறு மதியம் இறங்காதீர்கள், மலைப்பாதை முழுக்க வண்டி நிற்கும். திங்கள் காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். கோடை சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் இறக்கம் முழுக்க இரண்டாவது கியர்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.